கட்டுக்காரரின் ‘நான்’

கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு மொழியியல் அறிமுகப் பாடம் எடுக்கும் அந்த ஆசிரியையை மாணவர்கள் ‘மேடம்’ என்பார்கள். அவளுடைய அம்மாவும் அம்மாவின் சிநேகிதிகளும் இரண்டு விரல்களைச் சேர்த்துக் கீழுதட்டில் தட்டிக் காட்டுவார்கள். எழுத்தில் கொண்டுவந்தால் அது ‘வாய்க்காரி’ என்று வரும். அம்மா, அப்பா இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அந்த வீட்டில் வாயால் பேசிய ஒரே ஆள் இவள்தான். பெயர் பொருத்தமாகத்தான் விழுந்தது.

நடக்கக் கற்ற கையோடு அவள் கற்ற வேலை, பேச்சை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கடத்துவது. வீட்டுக்காரர் வாடகை கேட்டு வாசலில் நின்று கத்துவார். அதை அம்மாவுக்குக் கையால் சொல்வாள். அம்மா கையால் சூடாகத் திருப்பிக் கொடுப்பதைக் கொஞ்சம் ஆறவைத்து வாயால் வீட்டுக்காரருக்கு அனுப்புவாள். அப்பாவின் நுரையீரலைப் பற்றி மருத்துவர் சொன்ன கெட்ட செய்தியைப் பள்ளிச் சீருடையோடு நின்று அப்பாவுக்குச் சொன்னதும் அவள்தான். அப்பா போன பிறகு வீட்டில் மிஞ்சியது அம்மா, ஒரு தையல் இயந்திரம், அவள்.

அம்மா முன்னறையிலேயே துணி தைத்தாள். வெளிச்சத்துக்காக வாசலுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டியிருந்ததால், எதிர்ச் சுவரில் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தாள். உள்ளே யார் வந்தாலும் அதில் தெரியும். பேச வேண்டுமென்றால் தையலை நிறுத்தியாக வேண்டும். இரண்டு கையும் துணியில் இருக்கும்போது எதைக் கொண்டு பேசுவது? அதனால் வேலை நேரத்தில் அம்மா அநாவசியமாகக் கை திறக்க மாட்டாள்.

ஒரு நாள் மதியம் பள்ளியிலிருந்து வந்த வாய்க்காரி, கண்ணாடிக்குள் முகம் காட்டி, வகுப்பில் பேசியதற்காக டீச்சர் தன்னை மூலையில் நிற்க வைத்ததைச் சொல்லி மூக்கைச் சிந்தினாள். அம்மா இயந்திரத்தை நிறுத்தினாள். மாலை வரை மறுபடி அதைத் தொடவில்லை. அன்றுதான் அம்மா தன்னுடைய பள்ளிக்கூடக் கதையைச் சொன்னாள்.

அது காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி. அதன் தலைமை ஆசிரியரை ஊரார் ‘பெரியவர்’ என்றார்கள். பிள்ளைகள் தங்களுக்குள் இரண்டு மணிக்கட்டையும் குறுக்கே வைத்துக் காட்டுவார்கள். கட்டுக்காரர் என்று அர்த்தம். அப்படி ஒரு பெயர் தனக்கு இருப்பதே அவருக்குத் தெரியாது. காது கேட்காவிட்டாலும் மனுஷப் பிள்ளை வாயால்தான் பேச வேண்டும், கையை ஆட்டுவது குரங்குச் சேஷ்டை என்பது அவருடைய கொள்கை. வகுப்பில் முன்னால் நின்று ‘பாடம்’ என்பார், அல்லது ‘மாடம்’ என்பார். பிள்ளைகள் அவருடைய உதட்டைப் பார்த்துச் சரியான படத்தைத் தொட வேண்டும். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தால் தெரியும், இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. வித்தியாசம் மூக்குக்குள் நடக்கிறது. அது காதுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அம்மா பாதி நாள் தப்பான படத்தைத் தொட்டாள், பாதி நாள் அறை வாங்கினாள்.

கையால் பேசி மாட்டிக்கொண்டால் தண்டனை வேறு. பழைய சன்னல் திரையைக் கிழித்து நாடாவாக வைத்திருந்தார்கள். பச்சைத் துணி, ஓரத்தில் மஞ்சள் கோடு. அந்த நாடாவைக் கொண்டு இரண்டு மணிக்கட்டையும் பின்னால் இழுத்துப் பெஞ்சோடு கட்டிவிடுவார்.

அம்மாவுக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். கன்னத்தில் விரலை அழுத்திக் காட்டினால் அவள் பெயர், கன்னக்குழி. இருவரும் ஒரு நாள் காலை எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்ததைக் கட்டுக்காரர் பார்த்துவிட்டார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டினார். கொஞ்ச நேரத்தில் கன்னக்குழி வயிற்றை மடித்து நெளிய ஆரம்பித்தாள். அவர் அருகில் வந்து, “வாயால சொல்லு” என்றார். அந்த உதடு அம்மாவுக்கு நன்றாகப் புரிந்தது; அதைத்தானே தினமும் பார்த்தார்கள். கன்னக்குழி வாயைத் திறந்தாள். அவளுக்கு வாயால் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தவை பால், பந்து, பாடம், மாடம். ‘வலி’ இன்னும் வரவில்லை. கையில் அந்தச் சொல் இருந்தது, கை கட்டியிருந்தது.

சாயங்காலம் அவிழ்த்துவிட்டபோது அவளால் நிற்க முடியவில்லை. குடல்வால் உள்ளேயே வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டொரு நாளில் போய்விட்டாள். அவளுடைய பெற்றோரிடம் கட்டுக்காரர், “வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்” என்றாராம்.

“எனக்குப் புரிஞ்சுது” என்றாள் அம்மா கையால். “பக்கத்துலதான் இருந்தேன். என் கையும் கட்டியிருந்துச்சு.”

அந்தக் கதை வாய்க்காரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மற்ற பெண்கள் வளர வளர எதையெதையோ ஆசைப்பட்டார்கள். இவள் அந்த ஆளின் முகம் சுருங்குவதைப் பார்க்க ஆசைப்பட்டாள். மனதுக்குள் அவனை ‘அவர்’ என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

மொழியியல் படிக்கப் போனதும் அதற்காகத்தான். படிப்பின் மேல் காதல் எல்லாம் பிறகு வந்தது. முதலில் வந்தது கல் பொறுக்கும் சந்தோஷம். சைகை மொழிக்கும் இலக்கணம் உண்டு என்று படித்த நாளில், இது அவன் தலைக்கு ஒரு கல் என்று எடுத்து வைத்துக்கொண்டாள். வாய்ச்சொல்லில் ஓர் ஒலி மாறினால் அர்த்தம் மாறுவது போல, சைகையில் விரலின் வடிவமோ, அது தொடும் இடமோ, அசையும் திசையோ மாறினால் அர்த்தம் மாறுகிறது. அது இன்னொரு கல். சைகை பேசும் வீட்டில் பிறந்த குழந்தை பேச்சு வருவதற்கு முன் கையால் மழலை பேசுகிறது என்று படித்தபோது நூலகத்திலேயே அழுதாள். பிறகு அதையும் எடுத்துக் குவியலில் போட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில், “மொழின்னா என்ன?” என்று கேட்பாள். யாராவது ஒருவன், “வாயால பேசறது மேடம்” என்பான். அந்தப் பையனுக்கு அந்த வருடம் முழுக்கச் சனிதான்.

கட்டுக்காரர் இதற்கிடையில் வயதாகி, ஓய்வு பெற்று, பட்டமும் பொன்னாடையும் வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தார். ‘ஊமைகளுக்கு வாய் தந்தவர்’ என்று பத்திரிகைகள் எழுதின. இவள் அவருடைய முறையைக் கிழித்துக் கட்டுரைகள் எழுதினாள். அவற்றைப் படித்தவர்கள் ஏற்கெனவே இவள் கட்சிக்காரர்கள். அவர் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை.

பள்ளியின் ஐம்பதாம் ஆண்டு விழா வந்தது. பொது நிகழ்ச்சிகளில் சைகை மொழிபெயர்ப்பாளர் இருந்தாக வேண்டும் என்று அரசு அப்போதுதான் விதி கொண்டுவந்திருந்தது. வாய்க்காரியிடம் அதற்கான அடையாள அட்டை இருந்தது. சொன்னதைச் சொன்னபடி மாற்றுவேன், கூட்டவோ குறைக்கவோ மாட்டேன் என்று உறுதிமொழி எடுத்து வாங்கிய அட்டை. விழாக் குழு ஆள் தேடியபோது இவளே போய் ஒப்புக்கொண்டாள். யாருடைய மகள் என்று அவர்களும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

பழைய மாணவி என்று அம்மாவுக்கும் அழைப்பு வந்திருந்தது.

“நீ எதுக்கு வர்றே?” என்று கேட்டாள் மகள்.

“அவன் மூஞ்சி எப்படி ஆயிருக்குன்னு பார்க்கணும்.”

மண்டபம் நிறைந்திருந்தது. பழைய மாணவர்கள் முன் வரிசைகளில் குடும்பத்தோடு உட்கார்ந்து, வரிசை தாண்டி வரிசை கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பேச்சுக்கு நடுவில் காதுக்குக் கேட்டது நாற்காலி இழுபடும் சத்தமும் மின்விசிறியும்தான். அம்மா மூன்றாம் வரிசை ஓரத்தில் இருந்தாள். மேடையில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் கை தெரிகிற மாதிரி, வாய்க்காரி கருப்புச் சட்டையோடு நின்றாள்.

கட்டுக்காரர் பேச எழுந்தார். நல்ல குரல். தேன் தடவினது போல இருந்தது. வேடிக்கை என்னவென்றால், மனிதர் கையை ஆட்டாமல் ஒரு வாக்கியம் பேசவில்லை. வந்தவர்களுக்கு நன்றி சொன்னார், அமைச்சரைப் புகழ்ந்தார், கட்டடத்தைப் புகழ்ந்தார். எல்லாவற்றையும் இவள் ஒழுங்காகத்தான் மாற்றினாள். அப்போது அவர் சொன்னார்:

“அந்தக் காலத்துல இந்தப் பிள்ளைங்க கையை மட்டும் ஆட்டிக்கிட்டு என்கிட்ட வந்தாங்க. நான் அவங்களுக்கு வாய் கொடுத்தேன்.”

வாய்க்காரியின் கை அந்தரத்தில் நின்றது.

‘நான்’ என்ற சொல்லைப் பற்றி அவள் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்வதுண்டு. மரம் என்றால் யார் சொன்னாலும் மரம். ‘நான்’ அப்படி இல்லை. அது காலி நாற்காலி, பேசுகிறவர் எவரோ அவர் அதில் உட்கார்ந்துகொள்வார். மொழிபெயர்ப்பவர் ‘நான்’ என்று கையைத் தன் மார்பில் வைத்தால், அந்த நாற்காலியில் இருப்பது அவரல்ல, பக்கத்தில் பேசிக்கொண்டிருப்பவர். மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் இது பழக்கம். அவளுடைய கையைப் பார்த்தார்கள், அவருடைய வார்த்தை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவள் கையை மார்பில் வைத்தாள்.

“நான் உங்கள் கையைக் கட்டினேன்” என்றாள் சைகையில். “பச்சைத் திரைத் துணியால் கட்டினேன். பார்க்க முடியாததைப் பார் என்று சொல்லி அறைந்தேன். ஒரு பெண் வலியில் துடித்தாள். அவள் கையை நான் அவிழ்க்கவில்லை. அவள் செத்ததற்கு நான்தான் காரணம்.” பிறகு கன்னத்தில் விரலை அழுத்தினாள். அந்தப் பெயர் தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள்.

கட்டுக்காரர் பக்கத்தில் நின்று கட்டடம், நன்கொடை, எதிர்காலம் என்று பேசிக்கொண்டே போனார். அவள் கவனிக்கவில்லை. இத்தனை வருடம் மனதில் ஒத்திகை பார்த்த காட்சிக்காகக் காத்திருந்தாள். இப்போது எழுந்திருப்பார்கள், தரையை உதைப்பார்கள், நாற்காலி பறக்கும், இவன் முகம் சுருங்கும்.

யாரும் நாற்காலியைத் தொடவில்லை. முதல் வரிசையில் அச்சகத்தில் எழுத்துக் கோத்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார், பெரிய மீசைக்காரர். அவர் தோள் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களைப் படபடவென்று ஆட்டினார். காது கேளாதவர்களின் கைதட்டல் அது. பக்கத்திலிருந்தவர் தூக்கினார், பின்வரிசை தூக்கியது. மண்டபம் முழுக்கக் கைகள். அழுதுகொண்டே ஆட்டினார்கள். கிழவர் கடைசியில் ஒப்புக்கொண்டுவிட்டார், மன்னிப்புக் கேட்டுவிட்டார் என்று நினைத்தார்கள்.

கட்டுக்காரர் பேச்சை நிறுத்திவிட்டுப் பூரித்துப்போய்ப் பார்த்தார். “பாருங்க, எவ்வளவு பாசம்” என்றார் ஒலிபெருக்கியில். மீசைக்காரர் மேடை ஏறி வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது.

பழி வாங்க வந்தவள், தன் கையாலேயே அவனுக்கு மன்னிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டாள். அதுவும் அவன் கேட்காத மன்னிப்பு.

மூன்றாம் வரிசையில் ஒரே ஒருத்தி கையைத் தூக்கவில்லை. அம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடிக்கு மேலேயே சின்னதாகக் கையசைத்தாள்.

“இது அவன் சொன்னதில்ல. கட்டினவனுக்கு எந்தத் துணின்னு ஞாபகம் இருக்காது.”

அப்போதே சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அட்டையும் பிழைத்திருக்கும். பின்னாளில் சிலர் அவளுடைய நேர்மையைப் பாராட்டினார்கள். அது நேர்மை அல்ல என்று அவளுக்குத் தெரியும். அந்த மன்னிப்பு அவன் கையில் இன்னொரு நிமிடம் இருப்பதை அவளால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்தாள். முதலில் வாயால் சொன்னாள். “இப்ப நான் கையால சொன்னது எதையும் இவர் சொல்லல. நானாத்தான் சொன்னேன்.” என்ன சொன்னாள் என்பதையும் சொன்னாள். பிறகு அதையே சைகையில் சொன்னாள். ‘நான்’ என்று மார்பைத் தொட்டபோது, சந்தேகம் இருக்கக் கூடாது என்று, தன் உதட்டைத் தட்டித் தன் பெயரையும் காட்டினாள்.

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. மீசைக்காரர் கிழவரின் கையை விட்டார். பள்ளிச் செயலாளர் ஓடிவந்து, “இறங்குங்க மேடம், முதல்ல இறங்குங்க” என்று அவள் முழங்கையைப் பிடித்தார். அதற்குள் அம்மா மேடைக்கு வந்துவிட்டாள். செயலாளரின் கையை எடுத்து ஓரமாக வைத்தாள், நாற்காலியை நகர்த்துவது போல. கட்டுக்காரருக்கு எதிரில் போய் நின்று, அவரை நோக்கி விரலை நீட்டிவிட்டு மகளைப் பார்த்தாள்.

“இப்ப ஒழுங்கா சொல்லு. கூட்டாதே.”

கையில் மரியாதை தனியாக இல்லை. விரல் நீட்டினால் அது நீயும் ஆகலாம், நீங்களும் ஆகலாம். வாயில் கொண்டுவருகிறவள்தான் ஒன்றைப் பொறுக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து அவள் அம்மாவின் விரலுக்கு ‘நீங்க’தான் போட்டு வந்தாள், வீட்டுக்காரரிடம், மருத்துவரிடம், எல்லோரிடமும். இன்று போடவில்லை.

“கன்னக்குழியை உனக்கு ஞாபகம் இருக்கா?” என்று அம்மாவின் குரலாக ஒலிபெருக்கியில் கேட்டாள்.

கிழவர் அந்த ‘உனக்கு’வில் அடிபட்டது போல நிமிர்ந்தார். “யாரும்மா அது? எத்தனையோ பிள்ளைங்க வந்தாங்க, போனாங்க.”

அம்மா சொன்னாள். பெஞ்சைச் சொன்னாள், வயிற்றைச் சொன்னாள். மகள் ஒரு சொல் கூட்டாமல் வாயால் சொன்னாள். இந்தத் தடவை துணியின் நிறத்தை அம்மா சொல்லவில்லை, இவளும் சொல்லவில்லை.

கட்டுக்காரருக்கு நினைவு வந்தது முகத்தில் தெரிந்தது. ஒரு கணம் வாய்க்காரி பயந்துபோனாள். இவன் உண்மையாகவே மன்னிப்புக் கேட்டுவிடுவானோ என்று. அவர் தொண்டையைச் செருமினார்.

“கண்டிப்பு இல்லாம எப்படிம்மா கத்துக்கொடுக்கறது? எல்லாம் உங்க நல்லதுக்குத்தான். நான் எந்தத் தப்பும் செய்யல. அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லியிருந்தா பிழைச்சிருக்கும்.”

வாய்க்காரி மண்டபத்தின் பக்கம் திரும்பினாள். தன் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக அவள் மொழிபெயர்த்ததில்லை. ஒரு சொல் குறையவில்லை. சைகையில் பாதி இலக்கணம் முகத்தில் இருக்கிறது. அதனால் அவர் புருவம் உயர்ந்ததை, சொல்லி முடித்துச் சின்னதாகச் சிரித்ததை எல்லாம் தன் முகத்தில் கொண்டுவந்தாள். ‘நான் எந்தத் தப்பும் செய்யல’ என்று மார்பில் கை வைத்தபோது அந்த நாற்காலியில் அவரைத் தவிர யாரும் இல்லை.

மீசைக்காரர்தான் முதலில் திரும்பினார். மேடையிலேயே கிழவருக்கு முதுகைக் காட்டி நின்றார். கீழே ஒவ்வொருவராக எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். காது கேட்கிறவர்களுக்கு இது வெறும் அவமரியாதை. இவர்களுக்கு இது காதைப் பொத்திக்கொள்வது. கட்டுக்காரர் பேசிக்கொண்டேதான் இருந்தார். குரல் உயர்ந்தது, கைகள் ஆடின. அவர் வாயைப் பார்க்க ஒரு கண் இல்லை. கடைசியில் அவர் முகம் சுருங்கியது. வாய்க்காரி அதைப் பார்த்தாள், இமைக்காமல் பார்த்தாள். இனித்தது. இனிக்கவில்லை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கணக்குத் தீர்க்கிற மாதிரி வந்தது. அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். கல்லூரியில் விசாரணை வைத்தார்கள், எச்சரித்து விட்டார்கள். பள்ளி தன் வகுப்புகளில் சைகையை அனுமதித்தது. பழைய மாணவர் சங்கம் வாசலில் போய் உட்கார்ந்ததால் வந்த அனுமதி, அதில் இவளுக்குப் பங்கில்லை. கட்டுக்காரர் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். மேடைக்கு மறுபடி வரவில்லை.

மீசைக்காரர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“அவன் பொய்யன்னு எனக்குத் தெரியும்” என்றார் கையால். “அவன்கிட்ட எனக்கு ஏமாற்றம் இல்ல. அந்த வார்த்தைக்காக ஆயுசு முழுக்கக் காத்திருந்தேன். அதை என் கண்ணால பார்த்தேன். அப்புறம் நீ அதைத் திருப்பி எடுத்துக்கிட்டே. எங்களுக்குன்னு இருந்த வாய் நீதானே. நீயே பொய் சொன்னா நாங்க யாரைப் பார்க்கறது?”

வாய்க்காரி மன்னிப்புக் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார், ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை. சங்கக் கூட்டங்களுக்கு வேறு ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டார்கள்.

அம்மா கொஞ்ச காலம் கண்ணாடியில் மகள் தெரிந்தாலும் தைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் தானாகவே நிறுத்தினாள்.

“அவன் மூஞ்சியைப் பார்க்க வந்தேன், பார்த்தேன். அதுக்கு உனக்கு நன்றி. ஆனா அது என் கதை. என்னைக் கேட்டுட்டு எடுத்திருக்கணும்.”

“கேட்டிருந்தா கொடுத்திருப்பியா?”

“மாட்டேன்” என்றாள் அம்மா. “நானே போய்ச் சொல்லியிருப்பேன்.”

சில வருடங்களில் கட்டுக்காரர் இறந்துபோனார். பத்திரிகையில் படத்தோடு பெரிய செய்தி. அதில் ஒரு வரி: ‘பேச இயலாத பல நூறு குழந்தைகளுக்கு வாய் அளிக்கப்பட்டது, சைகைப் பழக்கம் கைவிடப்பட்டது.’ வாய்க்காரி அந்த வரியைக் கத்தரித்துக் கல்லூரிக்கு எடுத்துப்போனாள். செயப்பாட்டு வினை நடத்த வேண்டிய வாரம் அது. கரும்பலகையில் எழுதிப் போட்டாள்.

“யார் கைவிட்டது? வாக்கியத்துல எங்கே இருக்கார், தேடுங்க” என்றாள்.

பிள்ளைகள் தேடினார்கள். “இல்லை மேடம்” என்றான் ஒருவன்.

“சரி. இருக்கிற மாதிரி மாத்தி எழுது.”

எழுதினார்கள். எழுவாயைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். வினையை நேராக்கினார்கள். ஒரு பெண் எழுந்து, ‘கைவிட்டார்’ சரிப்படவில்லை, ‘கைவிட வைத்தார்’ என்றுதானே வர வேண்டும் என்று கேட்டாள். அவளுக்கு அன்று முழு மதிப்பெண். அந்த வரி ஒவ்வொரு வருடமும் தவறாமல் கரும்பலகைக்கு வருகிறது.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் பொத்தான் துளைக்குக் காஜா போட்டுக்கொண்டிருந்த சட்டையை மடியில் வைத்தாள்.

“அவன்தான் செத்துட்டானே. இன்னும் எத்தனை வருஷத்துக்கு?”

“நான் ரிட்டையர் ஆகிற வரைக்கும்.”

அம்மா யோசித்தாள். “அந்தப் பிள்ளைங்களுக்குக் கன்னக்குழி பேரையும் காட்டு” என்று சொல்லிவிட்டு, சட்டையை மறுபடி எடுத்துக்கொண்டாள்.